வென்ற கட்சிகளின் கதை

போரில் தோற்றவன் வீழ்வான் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. வென்றவனின் கட்சிக்கு என்ன நேரும் என்பதை வரலாறு சற்றுத் தாமதமாகவே சொல்கிறது.

1812இல் பிரித்தானியாவுடன் அமெரிக்கா தொடங்கிய போரைப் பெடரலிஸ்ட் கட்சி எதிர்த்தது. அதன் பிரமுகர்கள் 1814 டிசெம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடி, போர் தொடுக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்பது போன்ற திருத்தங்களைக் கோரினர். கோரிக்கையோடு தூதுவர்கள் வாஷிங்டனை அடைந்தபோது நியூ ஓர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் சமாதானச் செய்தியும் அந்நகரை எட்டியிருந்தன. போர் உண்மையில் சமநிலையில் முடிந்தது. மக்களோ அதை வெற்றியாகவே கொண்டாடினர். பெடரலிஸ்டுகள் துரோகிகளாயினர். 1820இல் ஜேம்ஸ் மன்றோ எதிர்ப்பாரின்றி மீண்டும் ஜனாதிபதியானார். ஆனால் 1824இல் அதே ஆளுங்கட்சியைச் சேர்ந்த நால்வர் ஒருவரோடொருவர் மோதினர். எதிரி மறைந்ததும் கட்சியைக் கட்டிவைத்த கயிறும் அறுந்துபோயிற்று.

2009 மே மாதத்தின் பின் இலங்கையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். வெற்றியை எதிர்க்க இயலாத ஐக்கிய தேசியக் கட்சி, அந்த வெற்றியில் ஒரு பங்கைக் கடன் வாங்கிற்று: போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவைப் பொது வேட்பாளராக ஏற்றது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரையே ஆதரிக்க நேர்ந்தது. 2010 ஜனவரியில் மகிந்த ராஜபக்ஷ 57.88 வீத வாக்குகளால் வென்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் பதினெட்டாம் திருத்தம், ஜனாதிபதி இரு தடவைக்கு மேல் போட்டியிட முடியாதென்ற தடையை நீக்கியது.

அடுத்து உடைவு தொடங்கியது. 2015இல் அவரைத் தோற்கடித்தவர் அவருடைய கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த மைத்திரிபால சிறிசேன. சுதந்திரக் கட்சியிலிருந்து பொதுஜன பெரமுன பிறந்தது. ஐக்கிய தேசியக் கட்சி பிளந்து 2020இல் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தோடு நின்றது. அவ்வாண்டு 145 ஆசனங்கள் பெற்ற பெரமுன, 2022இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் 2024இல் மூன்றாகச் சுருங்கியது. போர் வெற்றி அடுப்பெரிக்க உதவாது.

இதில் குருவிட்டத் தோட்டங்களுக்கு என்ன பங்கு? நுவரெலியாவில் நம்மவர் செறிந்து வாழ்கிறார்கள். சப்ரகமுவவில் சிதறிக் கிடக்கிறார்கள். இரு பெரும் கட்சிகள் சமபலத்தோடு மோதினால்தான் இங்குள்ள சில ஆயிரம் வாக்குகளுக்கு மதிப்புண்டு. 2010இல் ஒரு தரப்பு பேருருவம் எடுத்ததும் அந்த மதிப்புச் சரிந்தது.

2024இல் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றபோது, இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் சென்றார். மகிழ்ச்சிதான். ஆயினும் அந்த ஆசனத்தைத் தந்தது பேரலையே அன்றி, நமது பேரம் பேசும் வலு அன்று. அலை வடியுமுன் லயத்துக்கு வெளியே காணியும் உறுதிப் பத்திரமும் கைக்கு வந்துவிட வேண்டும். கட்சிகள் உடையலாம், உறுதிப் பத்திரம் உடையாது.