நாலாவது லென்ஸ்

திங்கட்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன். கிரிக்கெட் பந்து கொடுத்த பரிசு: 32 வயதில் புரை! ''அப்புறம் ஒரு மாசம் தூசிப் பக்கமே போகக் கூடாது'' என்றார் டாக்டர். உள்ளுக்குள் உதைப்புதான். சனிக்கிழமை விடிவதற்குள் கேமராவும் கையுமாக வேடந்தாங்கலுக்குக் கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். படாளத்தில் திரும்பினால், வயல்களைத் தாண்டி ஏரி. மாசி மாசம், தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. மரம் முழுக்கக் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, ஒரே இரைச்சல்.

பழக்கதோஷத்தில் வலது கண்ணை வைத்தேன். எல்லாம் வெள்ளைப் பஞ்சு! இடது கண்ணுக்கு மாறினால் மூக்கு இடித்தது. அதற்குள் நாரை பறந்துவிட, படத்தில் வெறும் கிளை.

கரையில் நின்ற பெரியவர் சிரித்தார். ''இதுங்க எச்சம் கலந்த தண்ணிதான் தம்பி எங்க வயலுக்கு உரம். மிரண்டுடும்னு தீபாவளிக்குக்கூட வெடி வைக்க மாட்டோம்.''

''எதுவரைக்கும் இருக்கும் தாத்தா?''

''குஞ்சுக்கு ரெக்கை முத்தணுமே... பங்குனி வரைக்கும் இருக்கும்.''

விரல்விட்டு எண்ணினேன். கேமராவுக்கு இதுவரை மூணு லென்ஸ் வாங்கியாச்சு. திங்கட்கிழமை நாலாவது, கண்ணுக்குள்ளேயே! கட்டுப் பிரித்து, ஒரு மாசம் கழித்து ஓடி வரணும். அதே மரம், அதே கிளை.

கூழைக்கடாக்களே, இந்த வருஷம் மட்டும் கொஞ்சம் லேட்டாகக் கிளம்புங்கப்பா!