திருப்பி விடப்பட்ட ஊர்வலம்

அநீதிக்கு ஆளான மாணவன் ஒருவன் கண்கலங்கி வந்து நிற்கும்போதெல்லாம், "சபூர் செய், தம்பி" என்றே நாம் சொல்லி வந்திருக்கின்றோம். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எத்தனை முறை சொன்னோமோ! அச்சொல் அவனுக்கு ஊன்றுகோலாயிற்றா, விலங்காயிற்றா என்று எண்ணிப் பார்த்தோமில்லை. ரே குரோ என்னும் அமெரிக்கக் கறுப்பின ஆசிரியரின் வரலாறு இப்போது நம்மை எண்ண வைத்துவிட்டது.

1915இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்த அவர், பள்ளியிலும் கல்லூரியிலும் கூடைப்பந்து ஆடித் தேர்ந்தவர். இந்தியானாபொலிஸ் நகரின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியில் 1950இல் தலைமைப் பயிற்சியாளரானார். கறுப்பின மாணவரை வெள்ளை மாணவரிடமிருந்து பிரித்து வைப்பதற்கென்றே 1927இல் திறக்கப்பெற்ற பள்ளி அது. மாநிலப் பட்டப் போட்டியில் கலந்துகொள்ள 1942 வரை அதற்கு அனுமதியில்லை. பள்ளியின் ஆட்டக்கூடமோ மிகச் சிறியது. எனவே பிறர் அரங்குகளையே நாட வேண்டியிருந்தது.

நடுவர்கள் நடுநிலை தவறக்கூடும் என்பதை குரோ அறிந்திருந்தார். ஆயினும் அவர்களோடு வாதாட மாணவரை விடவில்லை. எந்தத் தீர்ப்பாலும் பறிக்க முடியாத அளவுக்குத் தொடக்கத்திலேயே புள்ளிகளைக் குவித்து விட வேண்டும் என்பதே அவர் புகட்டிய பாடம்.

1955ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் அப்பள்ளி 97-74 என்ற கணக்கில் வென்றது. கறுப்பின மாணவர் மட்டுமே பயின்ற பள்ளியொன்று, எல்லாப் பள்ளிகளும் மோதும் மாநிலப் பட்டத்தை அடைந்தது அந்நாட்டிலேயே அதுதான் முதன்முறை. ஆனால் நடந்தது என்ன? வழக்கம்போல் நகர நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தில் வெற்றியைக் கொண்டாட அவர்களை விடவில்லை. தீயணைப்பு வண்டியில் வந்த பிள்ளைகளின் ஊர்வலத்தைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த பூங்காவுக்குத் திருப்பி விட்டனர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஆஸ்கர் ராபர்ட்சன் அன்று அவ்வணியின் இளம் வீரர். அவர் மனம் நொந்து, கொண்டாட்டத்தை விட்டு இடையிலேயே வீடு திரும்பினார்.

அடுத்த ஆண்டு ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், 31 வெற்றிகளோடு அதே பட்டத்தை அவர்கள் மீண்டும் வென்றனர். 1957இல் பயிற்சிப் பொறுப்பை விட்ட குரோ, 1966இல் இந்தியானா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் அந்நகரின் பூங்காத் துறைக்கே தலைவரானார். எந்த நகரம் அவருடைய பிள்ளைகளை ஒரு பூங்காவுக்குள் ஒதுக்கிற்றோ, அந்த நகரத்தின் பூங்காக்களெல்லாம் அவர் பொறுப்பில் வந்தன! 2003இல் அவர் மறைந்தார்.

அவருடைய பொறுமை கைகட்டி நின்ற பொறுமையன்று. அடுத்த ஆட்டத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டே இருந்த பொறுமை. நாம் நம் மாணவருக்கு அதன் முற்பாதியை மட்டுமே சொல்லிக் கொடுத்தோமோ என்று அஞ்சுகின்றோம். இனி ஒரு பிள்ளை கண்கலங்கி வந்தால், "சபூர் செய்" என்பதோடு அனுப்பிவிட மாட்டோம். அருகில் அமர்த்தி, "அடுத்து என்ன செய்யப் போகிறாய், தம்பி?" என்றும் கேட்போம்.