புத்தாடைக்கு முதல் தண்ணீர்

எங்கள் இராசபாளையத்தை அடுத்துச் சத்திரப்பட்டி என்றோர் ஊர் உண்டு. மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணி நெய்வதில் பெயர் பெற்ற ஊர். தறியிலிருந்து இறங்கும் அத்துணியைக் கோராத் துணி என்பர். பார்வைக்குத் தூயது, எவர் உடலிலும் படாதது. ஆயினும் எந்த மருத்துவரும் அதனை அப்படியே எடுத்துப் புண்ணில் வைக்கமாட்டார். ஏனெனில், அது நீரை ஏற்காது. ஒரு துண்டைக் கத்தரித்துக் கிண்ணத்து நீரில் இட்டால் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். பருத்தி இழையோடு பிறந்த மெழுகும், பாவு நூல் அறாதிருக்கும் பொருட்டு ஏற்றிய கஞ்சியும் நீரைத் தடுத்து நிற்கின்றன. காஸ்டிக் சோடா கரைத்த நீரில் வேகவைத்து, வெளுத்து, பலமுறை அலசிய பிறகே அது காயத்துணி ஆகிறது. மருத்துவப் பஞ்சு நீரில் இட்ட 10 நொடிக்குள் மூழ்கிவிட வேண்டும் என்பது மருந்து நூல்கள் வகுத்த விதி.

இச்செய்தியை நான் முதலில் எந்த நூலிலும் கற்கவில்லை. என் அன்னையார் இளமையில் அவ்வூர்ப் பக்கம் வளர்ந்தவர்கள்; வீட்டிலிருந்தபடியே கட்டுத்துணி சுருட்டிக் கூலி பெற்றவர்கள். "தண்ணி குடிக்காத துணி உடம்புக்கு ஆகாது" என்பது அவர்கள் வாக்கு. மதரஸாவில் ஏழாண்டு ஓதி, ஸனதும் தலைப்பாகையும் பெற்றுத் திரும்பியிருந்த எனக்கு அன்று அது ஓர் அறிவாகத் தோன்றவில்லை.

1998-ஆம் ஆண்டு என் மூத்த மகள் பிறந்தாள். தலைப்பிரசவம் ஆதலால் என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்வீட்டில் இருந்தார். சேதி வந்ததும் பேருந்தேறி ஓடினேன். குழந்தையின் வலச்செவியில் பாங்கு சொன்னபோது என் குரல் நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. முதல் ஆறு நாட்களும் குழந்தை என் மாமனாரின் பழைய வேட்டித் துண்டுகளிலேயே கிடந்தது. நம் பக்கத்து வழக்கம் அதுதானே!

ஏழாம் நாள் அகீகா. முடியிறக்கிப் பெயர் சூட்டும் நாளில் பிள்ளைக்குப் புத்தாடை உடுத்திப் பார்க்க ஆசைப்பட்டேன். கடைத்தெருவில் ரோஜா நிறக் கவுன் ஒன்று வாங்கினேன். கழுத்தைச் சுற்றிச் சரிகைப் பின்னல்; கையில் எடுத்தால் மொடமொடவென்றது. அந்த மொடமொடப்பையே அதன் சிறப்பாகக் கருதினேன். இராசபாளையத்திலிருந்து வந்திருந்த என் அன்னையார் அதைத் தடவிப் பார்த்தார்கள்.

"அத்தா, இதை ஒரு தண்ணியில அலசிப் போட்ருவோம். வெயிலு நல்லா இருக்கு, ஒரு நாழியில காஞ்சிரும்."

வீடு நிறைய விருந்தினர். மாமனார் இருக்கிறார், ஜமாஅத்துப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஓதிய பிள்ளையாகிய நான் சும்மா இருக்கலாமா? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'அல்-மஜ்மூஃ' நூலை எடுத்துக்காட்டி ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டேன். புதுத்துணி அடிப்படையில் தாஹிரானது. ஐயத்தால் உறுதி நீங்காது. கழுவித்தான் உடுத்துவேன் என்று பிடிவாதம் பிடிப்பது வஸ்வாஸ். இமாம்கள் அதைக் கண்டித்திருக்கிறார்கள் என்றேன். பெரியவர்கள் தலையசைத்தார்கள். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

அஸருக்குப் பின் குழந்தை வீறிட்டழத் தொடங்கியது. பால் கொடுத்தும் நிற்கவில்லை. கவுனைக் கழற்றினால் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் செக்கச் செவேலென்று தடிப்பு. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கஞ்சியும் சாயமும் உராய்வும் சேர்ந்த வினை என்றார். அன்றைய வெப்பமும் ஒரு காரணமாகலாம் என்றார். அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றிக்கொண்டு நான் என்னைத் தேற்றிக்கொள்ள முயன்றதையும் மறைக்க விரும்பவில்லை. வீடு திரும்பியபோது கிணற்றடியில் அன்னையார் அந்தக் கவுனை ஒரு வாளியில் ஊறவைத்திருந்தார்கள். வாளி நீர் சாதம் வடித்த கஞ்சிபோல் கலங்கி, அதன்மேல் இளஞ்சிவப்பு படர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர்கள் அந்நீரை வேறெங்கோ பார்ப்பவர்போல் கொட்டிவிட்டார்கள். எனக்கு அதைச் சுட்டிக்காட்டவேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. சுட்டிக்காட்டியிருந்தால் இத்தனை ஆண்டு என் நெஞ்சில் அது நின்றிருக்காது.

தடிப்பு மூன்று நாளில் மறைந்தது. என் கலக்கம் மறையவில்லை. இராசபாளையம் திரும்பியதும் கிதாபை எடுத்து அப்பகுதியை மீண்டும் ஓதினேன். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி அவர்கள், தமக்கு ஏறத்தாழ இருநூறாண்டுகள் முற்பட்டவரான இமாம் அபூ முஹம்மது அல்-ஜுவைனி (ரஹ்) அவர்களின் கருத்தை அங்கே எடுத்தாள்கிறார்கள். கண்டிக்கப்படுவோர் யார்? துணி வெளுப்போர் ஈரத்துணியை நஜீஸான தரையில் போட்டிருப்பரோ, அவர்கள் கை பட்டதோ என்று ஐயுற்றுப் புத்தாடையைக் கழுவுவோர். அதாவது, தொழுகைக்குத் துணி பாக்கானதா என்னும் வினாவுக்கு அது விடை. பச்சிளம் மேனிக்குத் துணி பொருந்துமா என்னும் வினாவை இமாமவர்கள் அங்கே எடுத்துக்கொள்ளவே இல்லை. என் அன்னையார் கேட்டது இரண்டாவது வினா. நான் உரைத்தது முதல் வினாவுக்கான விடை. நூலில் பிழையில்லை. ஓதியவனுக்குத்தான் பாடம் போதவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. புத்தாடை உடுத்தும்போது ஓதும் துஆவை எத்தனையோ சிறுவர்களுக்கு மனனம் செய்வித்திருக்கிறேன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதில் அந்த ஆடையின் நன்மையையும், அது எதற்காக ஆக்கப்பட்டதோ அதன் நன்மையையும் இறைவனிடம் வேண்டுகிறார்கள். அவ்விரண்டின் தீமையினின்றும் காவல் தேடுகிறார்கள். ஆடைக்கு என்ன தீமை இருக்க முடியும் என்று மாணவன் ஒருவன் கேட்டபோது, பெருமை, ஆடம்பரம் என்று விளக்கமளித்துவிட்டுப் போனேன். அவ்விளக்கமும் சரியே. ஆயினும் வாளியில் கலங்கிய அந்த நீர் அன்று என் நினைவுக்கு வந்திருந்தால் இன்னும் சற்று விரித்துச் சொல்லியிருப்பேன்.

இக்காலத்துத் துணியில் கஞ்சி மட்டுமா இருக்கிறது? சுருங்காதிருக்கவும் மடிப்புக் கலையாதிருக்கவும் ஏற்றப்படும் பூச்சுகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் காரமான பொருள் கசிவதுண்டு. அது தோலை உறுத்துவது. ஜப்பான் நாட்டார் 1973-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றினர். அவ்விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடையில் அது பத்து இலட்சத்தில் 16 பங்கைத் தாண்டலாகாது. பெரியவர்களின் உள்ளாடைக்கோ 75 பங்கு வரை இடமுண்டு. சாயங்களிலும் தீயன உண்டு. நம் நாட்டில் 112 சாயங்கள் தடை செய்யப்பட்டன. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நீரில் கரையும் எச்சங்களைப் போக்குவதற்கு வீட்டில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பகல் வெயிலும் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் மேல்தோல் நம் தோலினும் மெல்லியது. நமக்கு உறைக்காதது அதற்கு உறைக்கும்.

பழந்துணி வழக்கத்துக்கு நம் பெண்டிர் சிலர் சொல்லும் காரணங்களை நான் ஏற்பதில்லை. புத்தாடை போட்டால் கண்ணேறு படும் என்பர். ஆயுள் குறையும் என்பாரும் உண்டு. இவற்றுக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. ஆனால் காரணம் பிழையென்பதற்காக வழக்கத்தையே உதறியெறிவதற்கு முன் சற்று நின்று பார்த்திருக்கலாம். நூறுமுறை துவைத்த வேட்டியில் கஞ்சி ஏது, சாயம் ஏது?

இனி இதன் மறுபக்கம். அந்த மகளுக்கே இப்போது ஆண்குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவத்துக்கு முன் என் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து, பத்திரப்படுத்தியிருந்த பழைய துணிகளை வெளியே எடுத்தார். அறையெங்கும் அந்துருண்டை வாடை. பழந்துணி ஆயிற்றே, இதற்கென்ன குறை என்று நானும் இருந்துவிட்டேன். மகள்தான் மருத்துவரிடம் கேட்டு வந்தாள். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவான உடல்கள் உண்டாம், உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் அக்குறை இருக்கிறதாம், ஆண்மக்களிடமே மிகுதியாம். அத்தகைய சிசுவுக்கு அந்துருண்டை வைத்த துணியைச் சுற்றினால், அதன் ஆவியே உள்ளே சென்று இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும்; மூளையைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அத்துணிகளைப் பேரனுக்குப் பயன்படுத்த வேண்டாமென்று ஒதுக்கினோம். புதியது என்பதால் நம்பி ஒருமுறை பிழைபட்டவன், பழையது என்பதால் நம்பி மறுமுறையும் பிழைபட இருந்தேன்.

அதனால் புதுத்துணியே வாங்கினோம். சரிகையும் பின்னலும் இல்லாத வெள்ளைப் பருத்திச் சட்டைகள் எட்டு. என் அன்னையார் 2011-இல் இறையடி சேர்ந்துவிட்டார்கள். ஆகவே அவ்வேலையை நானே எடுத்துக்கொண்டேன். உட்புறத்தைத் திருப்பி, தொங்கும் நூல்களைக் கத்தரித்தேன். அவை பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே தடைபடும். கழுத்துப் பட்டியில் தைத்திருந்த கடைச்சீட்டை நூல் பிரித்து எடுத்தேன். இரவு முழுதும் வெறும் நீரில் ஊறவைத்து, காலையில் வாசனையில்லாத சோப்பில் துவைத்து, சோப்பு முற்றும் நீங்க மூன்று தண்ணீரில் அலசினேன்.

"அத்தா, புதுசு பாக்காத்தானே இருக்கும்? நீங்களே மதரஸாவுல அப்படித்தான சொல்லிக் கொடுப்பீங்க?" என்று மகள் திண்ணையிலிருந்து சிரித்தாள். அவளுடைய ஏழாம் நாளின் கதையை அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"பாக்குதான்மா" என்றேன். முதல் தண்ணீர் வெண்மையாகக் கலங்கியிருந்தது. அதைக் கொட்டாமல் அவள் பார்க்கும்படி வாளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தேன்.