நான் அழித்த 11 வரிகள்

தெரியாமல் நடந்த தவறு அல்ல இது. தெரிந்தே செய்தேன்.

ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகள் 612 பேரின் ரத்தப் பரிசோதனை எண்களைக் குழு பிரித்துத் தரும் வேலை. யாரை முதலில் மறுபரிசோதனைக்கு அழைப்பது என்பதை அந்தக் குழுக்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். காஸியன் கலவை மாதிரியைப் பொருத்தினேன். மூன்று குழு கேட்டால், எங்கோ தொலைவில் கிடந்த சில புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ள ஒரு குழுவின் நீள்வட்டம் பாதிப் படத்துக்கு உப்பியது. நான்கு கேட்டால், அந்தச் சில புள்ளிகளே தனிக் குழுவாகின. மறுநாள் காலை அறிக்கை தர வேண்டும். மொத்தச் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பால் இருந்த 11 வரிகளை அழித்தேன். மூன்று குழுக்களும் அழகாகப் பிரிந்தன. அறிக்கையில் ‘601 நோயாளிகள்’ என்று எழுதினேன். அழித்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண் ஒரு சீட்டை நீட்டினார். “சார், இந்த அம்மா உங்க லிஸ்ட்ல எந்த குரூப்?” வெறும் வயிற்றுச் சர்க்கரை 538. பட்டியலில் அந்த அம்மா இல்லை. எனக்கு உடம்பு கூசியது.

அன்று மாலை 11 பேரின் மூலச் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு தட்டச்சுப் பிழைகள்: 142.0 என்பது புள்ளி விடுபட்டு 1420 ஆனது போல. மீதி ஏழும் உண்மையான எண்கள். முதலில் அழைக்கப்பட வேண்டிய ஏழு பேரை நான் குப்பை என்று ஒதுக்கியிருந்தேன்.

பல குழுக்கள் கலந்த தரவுக்கு ஒரே சராசரியை அளவுகோலாக வைப்பதே தப்பு. விலகிய எண்களே அந்தத் திட்டவிலக்கத்தையும் பெருக்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எந்தக் குழுவிலும் சேராத புள்ளிகளுக்கென்று, தரவின் பரப்பு முழுவதும் சீராகப் பரவிய ‘இரைச்சல்’ கூறு ஒன்றைக் கலவையில் சேர்க்கும் வழியை பேன்ஃபீல்டும் ராஃப்டரியும் 1993-லேயே எழுதிவிட்டார்கள். காஸியனுக்குப் பதிலாக டி-பரவலை வைத்தால், தொலைவுப் புள்ளியின் எடை தானாகக் குறையும் என்று பீலும் மெக்லாக்லனும் 2000-இல் காட்டினார்கள். இரண்டிலும் ஒரு வரியைக்கூட அழிக்க வேண்டியதில்லை. இரைச்சல் கூறை வைத்திருந்தால், ‘இதைத் திரும்பப் பார்’ என்று அந்த 11 வரிகளையும் அதுவே என் முன்னால் எடுத்து வைத்திருக்கும். அரை நாள் வேலை. படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் அந்த அரை நாளை நான் தரவில்லை.

மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, திருத்திய அறிக்கையைக் கொடுத்தேன். எங்கும் பொருந்தாத வரிகள் அதில் முதல் பக்கத்திலேயே இருந்தன. ஆனால் அந்த இரண்டு வாரமும் அந்த அம்மாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எடுத்தவன் நான்.