கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

முகத்துவாரக்குப்பத்தில் மனு எழுத உட்கார்ந்தால் முதல் கேள்வி, "போன தடவ குடுத்த மனு எங்கப்பா?" என்பதுதான். பெரும்பாலும் வரும் பதில், "அந்தத் தம்பி மெயில்ல இருக்குக்கா." தம்பியோ வேலைக்கு வெளியூர் போய்விட்டிருப்பார்.

2023 மே மாதம் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, உள்ளே உள்ள மெயில், படங்களோடு சேர்த்து டிசம்பர் முதல் நீக்கத் தொடங்குவோம் என்றது. இறந்துபோனவர்களின் யூடியூப் வீடியோக்கள் என்னாகும் என்று பலர் கேட்டார்கள். வீடியோ உள்ள கணக்குகளை நீக்கும் திட்டம் இல்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. 2019இல் யாஹூ குரூப்ஸ் பழைய பதிவுகளை அழிக்கப்போவதாகச் சொன்னபோதும், பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு தரவிறக்கக் கெடு 2020 ஜனவரி 31 வரை நீண்டது. கேட்டவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது. ஆனால் கேட்பதற்கு முதலில் அறிவிப்பு காதில் விழ வேண்டும். அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிந்து கிடந்தது. வலையையும் படகையும் கழுவிக்கொண்டிருந்தவர்களுக்கு மெயிலைத் திறக்க ஏது நேரம்?

செய்தித்தாள்களின் கதையும் இதுதான். பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்து வலையேற்றும் வேலையை 2008இல் தொடங்கிய கூகுள், 2011இல் நிறுத்திக்கொண்டது. இன்று பல இதழ்களின் பழைய பக்கங்களைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிய செய்தியும் படமும், 2023இல் "இது முதல் முறை அல்ல" என்று சொல்வதற்கான சாட்சி. நம் ஊர் சாட்சியத்தை நாமே காசு கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது. பின்னால் வந்த வரைபடத்தில் அதன் பெரும்பகுதி காணாமல் போனது. 2017இல் அதை அம்பலப்படுத்த முடிந்ததற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வரைபடம் இருந்ததுதான்.

ஆவணம் இல்லாதவர்களை வரலாறு இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுவார்கள். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார்; 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகளின் பெருந்தொகுப்பு வந்தது 1999இல். இடைப்பட்ட காலத்தில் அந்தத் தாள்களைக் காத்தது எந்த நிறுவனமும் அல்ல, அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள்.

தோழர்களே, களத்துக்குப் போகும்போது இதையும் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். அதில் ஒருவர் ஊரிலேயே இருக்கும் பெண்ணாக இருக்கட்டும். மனு அனுப்பிய அன்றே அச்செடுத்து, ஒப்புகைச் சீட்டோடு கோப்பில் வையுங்கள். செய்தி வந்தால் தாளை வெட்டி, இதழின் பெயர், தேதி, பதிப்பு எழுதுங்கள். இன்னொரு நகல் பென்டிரைவில், வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். அடுத்த மனு எழுதும்போது, "எங்கப்பா?" என்ற கேள்விக்குக் குப்பத்துக்குள்ளேயே பதில் கிடைக்கும்.