பிளஸ் ஒன் பாடத்தை யார் நடத்துவது?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் எழும் முதல் கேள்வி, ‘எந்த குரூப்?’ என்பதுதான். கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் கிடைத்துவிட்டால் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வழி இருக்கிறது என்று உறவுக்காரர்கள் தைரியம் சொல்வார்கள். சீட் வாங்கி, சீருடை தைத்து முடித்ததும் வீடு ஓய்ந்துவிடும். ‘பிளஸ் டூவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சில் ஒரு வருடம் போய்விடும். ஆனால் நீட், ஜே.இ.இ. இரண்டிலும் ஏறத்தாழ பாதிக் கேள்விகள் அந்த வருடத்துப் பாடத்திலிருந்துதான் வருகின்றன.

இந்த அலட்சியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1984-ல் வந்த மாநில நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த நீக்கம் நல்லதே செய்தது. ஆனால் அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே கணக்கு என்றானதால், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடமும் நடத்தின. பாடப் புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பித்த பிள்ளைகள் 1200-க்கு 1150 எடுத்தார்கள். 2017-ல் நீட் கட்டாயமானபோது, நடத்தப்படாத அந்தப் பாடங்கள் கேள்வித்தாளில் வந்து நின்றன.

அரசு அதே கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2018-ல் புதிய பாடப் புத்தகங்களும் வந்தன. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய சுமை, நீக்கியது சரியே. ஆனால் பழைய பழக்கம் திரும்பிவிடும் ஆபத்து இப்போது மறுபடி வந்திருக்கிறது.

பிளஸ் ஒன்னில் அப்படி என்ன இருக்கிறது? இயற்பியலில் வெக்டர், நியூட்டன் விதிகள், வெப்ப இயக்கவியல். வெக்டர் கைவராத பிள்ளை பிளஸ் டூவில் மின்காந்தவியலைத் தொடும்போது திணறும். வேதியியலில் மோல் கணக்கு, வேதிப்பிணைப்பு, கரிம வேதியியலின் அரிச்சுவடி. இவை தெரியாமல் அடுத்த வருடப் பாடத்தை மனப்பாடம்தான் செய்ய முடியும். நீட்டின் 180 கேள்விகளில் 90 உயிரியல். ஒளிச்சேர்க்கை, செல், மனித உடலியங்கியல் எல்லாம் பதினோராம் வகுப்புப் பாடம்.

பாடம் மட்டுமல்ல, தேர்வு முறையும் வேறு. பொதுத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை. நீட்டில் சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு; நேரம் மூன்று மணி. ‘தெரியாததை விட்டுவிட வேண்டும்’ என்ற துணிவு கடைசி மாதத்துக் கிராஷ் கோர்ஸில் வந்துவிடாது. ஒவ்வொரு பாடம் முடிந்த வாரத்திலேயே, அந்தப் பாடத்தில் முப்பது கொள்குறி வினாக்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்து, தவறியதைப் புத்தகத்தில் தேடிப் படிக்க வேண்டும். பிளஸ் ஒன் ஜூனில் தொடங்கி இதைச் செய்த பிள்ளைக்குப் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறை திருப்புதலுக்குப் போதும்.

இதற்காக ஆறாம் வகுப்பிலேயே ‘ஃபவுண்டேஷன்’ என்று பணம் கட்டுவது வீண். பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தேவை பின்னமும் விகிதமும் பிழையில்லாமல் போடத் தெரிவது, பாடப் புத்தகம் தாண்டி வாசிப்பது, மாலையில் விளையாடுவது. எல்லாரும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும்.

தயாரிப்பில்லாமல் போனால் வீடு கொடுக்கும் விலை பெரிது. நீட்டின் விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு, 2020-21-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேலானோர் மறுமுறை எழுதியவர்கள் என்று சொன்னது. ஒரு வருடம் வீட்டிலிருந்து கோச்சிங் கட்டணம் கட்ட எல்லாக் குடும்பத்துக்கும் வசதி ஏது?

படிப்பு தவிர்த்த விஷயங்களும் உண்டு. மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிப் படிப்பு கேட்கிறார்கள். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். மத்திய நிறுவனங்களுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, வீட்டிலுள்ள பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. தேர்வுத் தேதிகளையும் முன்பே கவனிக்க வேண்டும்: சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு சில ஆண்டுகளாக டிசம்பரிலேயே நடக்கிறது, ஜே.இ.இ. மெயின் முதல் அமர்வு ஜனவரியில்.

பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணம் விசாரிக்கும்போதே பள்ளியில் இன்னொன்றையும் கேளுங்கள்: “பதினோராம் வகுப்புப் பாடத்தை முழுசா நடத்துவீங்களா?” ‘தீபாவளி முடிந்ததும் பிளஸ் டூ போர்ஷன் ஆரம்பித்துவிடுவோம்’ என்று பெருமையாகப் பதில் வந்தால், வேறு பள்ளி பாருங்கள்.