ஒரு முழ நூல்

காலைக் காப்பியை நான் இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிப்பேன். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "தீர்த்தம் வாங்குற மாதிரி இருக்கே" என்பார்கள். பக்தி ஒன்றும் இல்லை. ஒற்றைக் கையால் பிடித்தால் டம்ளர் நழுவிவிடும்.

முடக்குவாதம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் விரல்களில் அது இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நகத்தை ஒட்டிய கடைசி மூட்டுகளை விட்டுவிட்டது. நடு மூட்டுகளையும், விரல் உள்ளங்கையோடு சேருகிற அடி மூட்டுகளையும் பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் துருப்பிடித்த கீல் மாதிரி இருக்கும். விரல் முழுதாக விரிய ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்து மணிக்குமேல் கொஞ்சம் இளகும். மதியம் இரண்டிலிருந்து நாலரை வரைதான் நல்ல நேரம். மற்றவர்கள் காலண்டரில் ராகுகாலம் பார்ப்பார்கள். நான் கையை மடக்கிப் பார்த்துக்கொள்வேன்.

முதல் வருடம் இதை நோய் என்றே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்றார். இன்னொருவர் மனக்கவலை என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று எனக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை அது. மறந்துபோய்த் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் காலண்டரில் ஞாயிறுகளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வயிற்றைப் புரட்டும். வலி மூன்று மாதத்துக்குமேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்று தனியாக வகைப்படுத்துகிறது மருத்துவம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஒன்பது வருடத்தில் எத்தனை மூன்று மாதம் என்று வகுத்துப் பார்த்தேன்: 36.

கரும்பலகை உயரத்துக்குக் கை எழும்பாமல் போனதும் வேலையை விட்டேன். வீட்டில் இருந்த முதல் ஆறு மாதம், பந்தைப் பிசைவதும் வெந்நீரில் கையை முக்கி வைப்பதுமாகப் போயிற்று. அப்போதுதான் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பதினோரு நூல் சேலைகள் இருந்தன. இரண்டு சுங்குடி, மற்றதெல்லாம் கட்டம் போட்டவை. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தன. அடியில் ஒரு விரிப்பு. ஐந்து சேலைகளை அடுக்கி, கிழிந்த இடத்தில் வேறு துண்டு வைத்து, நெடுக நூலோட்டித் தைத்தது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் அதில் படுத்துத்தான் வளர்ந்தோம். ஓரத்தில் அது இற்றுப்போயிருந்தது.

"இந்த மாதிரி ஒண்ணு தைக்கப்போறேன்" என்றேன். வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மதுரைக்காரர்களுக்குத் தையல் என்றால் புது மண்டபம்தான். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். சிற்பத் தூணுக்குத் தூண் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சாமிக்குச் சாத்துகிற துணி, தேரில் தொங்குகிற தொம்பை, சித்திரைத் திருவிழாவில் அழகர் வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கான உருமாவும் சல்லடமும் எல்லாம் அங்கேதான் தயாராகும். தைக்கிறவர்களில் நிறையப் பேர் பாய்மார்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. வெட்டுத்துணி வாங்கப்போன இடத்தில் வயதான ஒரு பாய் தொம்பைக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். நான் கையோடு கொண்டுபோயிருந்த ஊசியில் தொங்கிய நூலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஆள் உயரத்துக்கு இருந்தது.

"இம்புட்டு நூலா போடுவீங்க? முழத்துக்கு மேல போனா நூல் நம்மள இழுக்கும்மா. முழத்துக்குள்ள இருந்தா நாம நூலை இழுக்கலாம்."

மல்லிகைப் பூவை முழம் போட்டு வாங்குகிற ஊரில் அந்த அளவை யாரும் விளக்க வேண்டியதில்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏறக்குறைய ஒன்றரை அடி. நூல் நீண்டால், துணிக்குள் எத்தனையோ தடவை போய்வந்து பஞ்சு பிரிந்து முறுக்கிக்கொள்ளும். நடுவில் முடிச்சு விழும். இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்கு மட்டும் வாய்த்தது. நீள நூலை இழுத்து விட ஒவ்வொரு தடவையும் தோளைத் தூக்க வேண்டும். ஒரு முழ நூலுக்கு முழங்கை அசைந்தால் போதும்.

கையை ஊசிக்குப் பழக்குவதற்குள் பட்டபாடு கொஞ்சமில்லை. ஊசியில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும் என்பது தெரியாமல் பெரிய நம்பராகக் கேட்டு வாங்கி வந்து, அதைப் பிடிக்கவே முடியாமல் விழித்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மெல்லிய பொருளைக் கிள்ளிப் பிடிப்பதுதான் என் மூட்டுக்கு ஆகாத வேலை. தடித்த ஊசிக்கு மாறினேன். ஊசிக் காதில் நூல் கோர்க்க, தகரத் தலையில் மெல்லிய கம்பி வளையம் வைத்த சின்னக் கருவி பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. மூன்று மடிப்புத் துணியில் மாட்டிக்கொண்ட ஊசியை உருவ, வெடித்த பலூன் துண்டு ஒன்றை விரலில் சுற்றிக்கொள்வேன். ரப்பர் வழுக்காமல் பிடிக்கும், அழுத்த வேண்டியதில்லை. பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் நான் பார்ப்பது கேக்கை அல்ல.

அடுத்த கண்டம் நானே தேடிக்கொண்டது. தம்பி மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேர் வைக்கிற அன்று விரிப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை. நடுவில் ஒரு நாள் கை அதிசயமாக வலிக்கவில்லை. நோய் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வலிக்காத நாள்தான் ஆபத்தான நாள். விட்டுப்போன வேலையெல்லாம் அன்றைக்கே முடித்துவிடத் தோன்றும். மதியம் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழுந்தேன். ஒவ்வொரு வரிசை முடிவிலும், "இன்னும் அஞ்சு தையல்தானே" என்று சொல்லிச் சொல்லி அடுத்த வரிசைக்குப் போனேன். எங்கள் அப்பத்தா வளர்த்த வளர்ப்பு அப்படி. "எடுத்த வேலைய முடிக்காம எந்திரிச்சா அது வீட்டுக்கு ஆகாது" என்பாள். மாவாட்டுவதாக இருந்தாலும் சரி, பூக்கட்டுவதாக இருந்தாலும் சரி.

மறுநாள் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. அதற்கு மறுநாளும். நாலாவது நாள் தம்பி மகள் போன் செய்தாள். "அத்தை, அவசரமே இல்லத்தை. பிள்ளை எங்கே போகப்போறான்?" பேர் வைக்கிற விசேஷத்துக்கு நான் கடையில் வாங்கிய வெள்ளிக் கிலுகிலுப்பையோடு போனேன்.

படுத்துக் கிடந்த நாட்களில் வலியைப் பற்றிப் படித்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் இருந்தார். நாள்பட்ட வலி உள்ளவர்களைப் பற்றி 1976இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதில் முக்கியமான ஒன்று: வலி வந்த பிறகு நிறுத்தாதே, முன்கூட்டியே ஓர் அளவு குறித்துக்கொள், அந்த அளவு முடிந்ததும் நிறுத்து. வலி வரும்வரை வேலை செய்து, வந்ததும் படுத்தால், எப்போது எழுவது எப்போது படுப்பது என்பதை வலிதான் தீர்மானிக்கும். அளவை நாம் வைத்தால், ஓய்வு தோற்றுப்போய் விழுவது ஆகாது. வேலையின் ஒரு பகுதி ஆகிவிடும்.

படித்ததும் எனக்குப் பாய் ஞாபகம்தான் வந்தது. நூல் நம்மை இழுக்கக் கூடாது, நாம் நூலை இழுக்க வேண்டும்.

அன்றிலிருந்து என் அளவு நாலு முழம். மதியம் சாப்பிட்டதும் நாலு துண்டு நூல் வெட்டி, தலையணை ஓரத்தில் வரிசையாக வைத்துவிடுவேன். ஒரு முழ நூல் தைத்து முடிய எனக்குப் பன்னிரண்டு நிமிஷம். முடிச்சுக்கும் மிச்சத்துக்கும் போக ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட வரும். நூல் தீர்ந்தால் எழுந்து ஜன்னல் வரை நடந்து, விரலை நீட்டி மடக்கிவிட்டு வந்து அடுத்த நூல். நாலும் தீர்ந்தால் அன்றைக்குக் கடை அடைப்பு. முடியாத நாளில் இரண்டு. மூட்டு வீங்கிக் கொதிக்கிற நாளில் நூலையே வெட்டுவதில்லை. அன்று எந்தக் கைவேலையும் எதையும் சாதிக்காது, அதை மறைக்க வேண்டியதில்லை.

தைக்கிற முறையையும் மாற்றிக்கொண்டேன். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் பழைய துணியில் தைக்கிற 'கவந்தி' ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிப் போகும். அளவெடுத்துக் கட்டம் வெட்ட வேண்டியதில்லை. கையில் அகப்பட்ட துண்டை விளிம்பு மடித்து வைத்து, அடித்துணியோடு சேர்த்து நூலோட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வரலாம். கத்திரிக்கோலை அழுத்திப் பிடிக்க முடியாத எனக்கென்றே யாரோ யோசித்த மாதிரி இருந்தது. ஓரம் முதலிலேயே முடிந்துவிடுவதால் எந்தச் சுற்றில் நிறுத்தினாலும் நூல் பிரிந்து தொங்காது. எழுந்து போகிறவளுக்கு ஏற்ற தையல்.

தைக்கும்போது வலி போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. பக்கத்து அறைக்குப் போகும். கதவு திறந்துதான் இருக்கும். 1965இல் ரொனால்ட் மெல்ஸாக்கும் பேட்ரிக் வாலும் சொன்ன கொள்கையும் ஒரு வாசலைப் பற்றியதுதான். மூளைக்குப் போகிற வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைக் கடக்க வேண்டியிருக்கிறது, தொடுகை போன்ற மற்ற உணர்வுகளும், மூளையிலிருந்து இறங்கி வருகிற கட்டளைகளும் அந்த வாசலைக் கொஞ்சம் சாத்தவோ திறக்கவோ செய்யும் என்றார்கள். இடித்துக்கொண்ட முட்டியைத் தன்னையறியாமல் தேய்த்துவிடுகிறோமே, அது போல. அப்பத்தாவின் சேலை விரலுக்கடியில் நழுவும்போது என் வாசல் எவ்வளவு சாத்திக்கொள்கிறது என்று அளக்க எனக்குக் கருவி இல்லை. பன்னிரண்டு நிமிஷம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அந்த முதல் விரிப்பு சுமார் முந்நூறு முழம் நூல் குடித்தது. பேர் வைக்கிற அன்று போக வேண்டியது, பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தது. கொடுப்பதற்கு முன் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மேல்பக்கம் எல்லாம் அழகாகத்தான் இருந்தது, கதை பின்பக்கத்தில். ஒரு மூலையில் தையல் சீரகச் சம்பா அரிசி மாதிரி பொடிப்பொடியாக, ஒரே சீராக இருந்தது. அடுத்த சுற்றில் புளியங்கொட்டை நீளத்துக்குப் போய்க் கோணி நின்றது. அது மார்கழிக் குளிர். மாசியில் மறுபடி அரிசி. மாதா மாதம் டாக்டர், "வலி பத்துக்கு எவ்வளவும்மா?" என்று கேட்பார். ஆறு என்பேன், ஏழு என்பேன், மனசில் தோன்றியதுதான். கையே எழுதி வைத்த கணக்கு இங்கே இருக்கிறது, அழித்தெழுதாமல்.

இப்போது இரண்டாவது விரிப்பு மடியில் இருக்கிறது. இது எனக்கு. நேற்று கடைசிச் சுற்றுகளுக்கு வந்துவிட்டேன். நடுவில் உள்ளங்கை அகலம்தான் பாக்கி. நாலாவது நூல் வரிசை முடிய ஐந்து தையல் இருக்கும்போது தீர்ந்தது. ஐந்தே ஐந்து. நூல்கண்டு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கையும் நன்றாகத்தான் இருந்தது. அப்பத்தா சுவரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசியைப் பஞ்சுப் பொதியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன். இன்று காலை காப்பியை ஒற்றைக் கையால் குடித்தேன், பாதி டம்ளர் வரை.